லைசென்கோ விவகாரம்: எது உண்மை, நமக்கு அதில் என்ன?

கேள்வி இதுதான்: "ஸ்டாலின் காலத்து ரஷ்யாவில் லைசென்கோ என்று ஒருவர் மரபியலையே ஒழித்துக் கட்டினாராம், அதனால் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்களாம். இது உண்மையா? என்.சி.ஈ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமத்தை நீக்கியதை இதோடு ஒப்பிடுவது நியாயமா?"

தாவரவியல் பாடம் எடுத்தே பிழைப்பை ஓட்டியவன் நான். தட்பப்பதனம் (விதைக்குக் குளிர் காட்டிப் பூக்க வைப்பது) பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இந்த ஆளின் பெயர் வந்து நிற்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில், பாதி உண்மை. இரண்டாவதற்கு, ஒப்பிடலாம், ஆனால் எல்லோரும் வழக்கமாக ஒப்பிடுகிற இடத்தில் வேண்டாம்.

ட்ரோஃபிம் லைசென்கோ 1898-ல் உக்ரைனின் பொல்தாவா பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1920களின் நடுவில் அஜர்பைஜானில் கஞ்சா என்ற ஊரில் இருந்த ஆய்வுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். (சிரிக்காதீர்கள், ஊர்ப் பெயரே அதுதான்.) பருத்தி எடுத்து முடித்த வயலில் குளிர்காலத்தில் பட்டாணி போட்டுப் பார்த்தார். 1927-ல் பிராவ்தா நாளேடு அவரைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. வெறுங்காலோடு வயலில் நிற்கும் பேராசிரியர், ஈக்களின் மயிர் முளைத்த கால்களை ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திராமல் மக்களுக்கு வேலை செய்பவர் என்கிற தோரணையில் அது இருந்தது. ஒரு புது ஆட்சிக்கு இப்படி ஒரு முகம் தேவைப்பட்டது. முகம் கிடைத்துவிட்டது.

அடுத்தது கோதுமை. குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். பனிக்கு அடியில் கிடந்து குளிர் பட்டால்தான் வசந்தத்தில் கதிர் விடும். நேரே வசந்தத்தில் விதைத்தால் புல் மாதிரி இலைதான் வரும். விதையை நனைத்து, சில வாரம் குளிரில் வைத்து, பிறகு வசந்தத்தில் விதைத்தால் கதிர் விடும். இதுதான் தட்பப்பதனம். இது மெய்யான விஷயம். லைசென்கோவுக்கு முன்பே ஜெர்மனியில் காஸ்னர் என்பவர் சோதித்துக் காட்டியிருந்தார். 1920களின் கடைசியில் அடுத்தடுத்த குளிர்காலங்களில் உக்ரைனில் கோதுமைப் பயிர் உறைந்து பெருமளவில் அழிந்தது. அந்த நேரம் பார்த்து, 1929-ல், தன் அப்பாவின் வயலில் இப்படிப் பதப்படுத்திய விதை நன்றாக விளைந்தது என்று லைசென்கோ அறிவித்தார். மந்திரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

இதைக் கூட்டுப்பண்ணையில், அதாவது விவசாயிகளின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து உருவாக்கிய பெரிய பண்ணையில், செய்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டன் கணக்கில் விதையைக் கொட்டகையில் பரப்பி, தண்ணீர் தெளித்து, சூடேறாமல் இராப்பகலாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் முளை நீண்டுவிடும், இல்லை பூஞ்சை பிடித்துவிடும். ஊறிப் பருத்த விதை விதைப்புக் கருவியில் சரியாக இறங்காது. நம் ஊரில் நாற்றங்காலுக்கு விதை நெல்லை மூட்டம் போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும், அதுவே நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்து மகசூல் கூடியதா? அதைத் தெரிந்துகொள்ள லைசென்கோ வைத்திருந்த வழி, பண்ணைகளுக்கு வினாத்தாள் அனுப்புவது. பக்கத்திலேயே பதப்படுத்தாத விதையைப் போட்டு ஒப்பிடும் பாத்தி கிடையாது, புள்ளியியல் கிடையாது. மேலிடத்துக்குப் பிடித்த திட்டம் தோற்றது என்று எந்தப் பண்ணைத் தலைவர் தன் கைப்பட எழுதி அனுப்புவார்?

அரசியல் எங்கே நுழைந்தது என்று என்னைக் கேட்டால் அந்த வினாத்தாளைத்தான் காட்டுவேன். கைதுகளும் சிறையும் பிறகு வந்தவை.

சரி, இன்னொரு பக்கம் பார்ப்போம். நிக்கோலாய் வவிலோவ், 1887-ல் மாஸ்கோவில் பிறந்தவர். ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, மெக்சிகோ, பெரு, ஜப்பான் என்று சுற்றி, பயிர்களின் விதைகளைச் சேர்த்து லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) உலகின் மிகப் பெரிய விதைச் சேகரிப்பை உருவாக்கியவர். சுமார் 2,50,000 மாதிரிகள். ஒரு பயிரின் ரகங்கள் எங்கே அதிகம் வேறுபட்டுக் கிடக்கின்றனவோ அங்கேதான் அது பிறந்திருக்கும் என்று வாதித்தவர் அவர்தான். நெல், கரும்பு, கத்தரி எல்லாம் இந்தியப் பகுதியில் தோன்றியவை என்று நாம் பாடத்தில் படிப்பது அவர் போட்ட வரைபடம்.

வவிலோவிடம் ஒரு குறை இருந்தது. புது ரகம் உருவாக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். கலப்பு செய்து, தேர்ந்தெடுத்து, நிலைப்படுத்த 10, 12 வருஷம். அரசு 1931-ல் போட்ட ஆணை, 4 அல்லது 5 வருஷத்தில் நாடு முழுக்க ரகங்களை மாற்று என்றது. லைசென்கோ இரண்டரை வருஷத்தில் முடிக்கிறேன் என்றார். இதில் இன்னொரு வேதனை: ஆரம்பத்தில் லைசென்கோவுக்கு ஊக்கம் கொடுத்து மேலே தூக்கிவிட்டவர்களில் வவிலோவும் ஒருவர். விவசாயி மகன் ஒருவன் மேலே வரட்டும் என்று நினைத்திருக்கலாம்.

1935 பிப்ரவரியில் கிரெம்ளினில் கூட்டுப்பண்ணை ஊழியர்கள் மாநாடு. லைசென்கோ பேசினார். தட்பப்பதனத்தை எதிர்ப்பவர்களைப் பற்றிச் சொல்லும்போது, விஞ்ஞானியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர்க்க எதிரி எதிரிதான் என்றார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டாலின், "சபாஷ், தோழர் லைசென்கோ, சபாஷ்!" என்று குரல் கொடுத்தார். அதன் பிறகு கோதுமையைப் பற்றிய கருத்து வேறுபாடு வெறும் கருத்து வேறுபாடாக இருக்க முடியுமா? 1938-ல் லைசென்கோ வேளாண் அறிவியல் அகாதமியின் தலைவர் ஆனார். அதாவது வவிலோவுக்கே மேலதிகாரி.

அதற்குள் அவருடைய கொள்கையும் வளர்ந்திருந்தது. குளிர்காலக் கோதுமையைச் சூழல் மாற்றிப் பழக்கினால் அதன் பரம்பரைக் குணமே மாறும், மாறியது அடுத்த தலைமுறைக்கும் போகும், ஜீன் என்பதெல்லாம் மேற்கத்தியக் கற்பனை என்றார். கோதுமைச் செடி ரை என்ற வேறு தானியமாகவே மாறுகிறது என்று சொல்லும் வரை இது போனது.

1937-ல் மாஸ்கோவில் நடக்க வேண்டிய உலக மரபியல் மாநாடு ரத்தாகி, 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்தது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வவிலோவ் வரவில்லை, விடவில்லை. அந்த மாநாட்டுக்கு நம் பக்கத்திலிருந்து ஒருவர் போயிருந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள். மாநாடு முடியும் நேரத்தில் போர் மூண்டது, அவர் இங்கிலாந்திலேயே தங்க வேண்டியதாயிற்று. அங்கே மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்களில் ஜீன்களைத் தாங்கும் குரோமோசோம்களைத் தொகுத்து 1945-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பரம்பரைக் குணத்தைக் குரோமோசோம் சுமப்பதில்லை என்று லைசென்கோ சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த அம்மா அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

வவிலோவை 1940 ஆகஸ்டில், மேற்கு உக்ரைனில் செடி சேகரிக்கப் போன இடத்தில் வைத்துப் பிடித்தார்கள். மரண தண்டனை, பிறகு 20 வருஷச் சிறையாகக் குறைப்பு. 1943 ஜனவரி 26 அன்று சராத்தோவ் சிறையில், சத்துக் கெட்டு உடம்பு ஒடுங்கி இறந்தார். தன் இளம் வயதில் பேராசிரியராக இருந்து பெயர் வாங்கிய அதே ஊர். உலகத்துக்குச் சோறு போட விதை சேர்த்தவர் பட்டினியில் போனார்.

அவர் சேர்த்த விதைகளின் கதை இதைவிடத் தாங்க முடியாதது. லெனின்கிராடை ஜெர்மன் படை கிட்டத்தட்ட 900 நாள் முற்றுகையிட்டது. ஊரில் தோலையும் பசையையும் காய்ச்சிக் குடித்த காலம். விதை நிலையத்தில் அரிசி, கோதுமை, வேர்க்கடலை எல்லாம் பொட்டலம் பொட்டலமாக அலமாரியில் இருந்தன. உள்ளே இருந்தவர்கள் அதைத் தொடவில்லை. நெல் பிரிவைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் பட்டினியால் இறந்தார், அவர் பொறுப்பில் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. வேர்க்கடலைப் பிரிவின் ஷ்சூகின் தன் மேசையிலேயே உயிரை விட்டார். இவர்களுடைய தலைவரோ அப்போது மக்கள் விரோதி என்று முத்திரை குத்தப்பட்டு சராத்தோவில் கிடந்தார்.

இப்போது 1948. கதையின் முக்கியமான இடம் இதுதான், பலரும் இதைச் சித்தாந்த வெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அப்படி எளிதாக முடிக்க முடியாதபடி ஒரு தாள் இருக்கிறது. ஆகஸ்டு மாத அகாதமிக் கூட்டத்தில் படிக்க வேண்டிய உரையை லைசென்கோ முன்கூட்டியே ஸ்டாலினுக்கு அனுப்பினார். ஸ்டாலின் பேனாவை எடுத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்தினார். 'எந்த அறிவியலும் வர்க்கச் சார்புடையதே' என்ற இடத்தில் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "ஹா-ஹா-ஹா! அப்போது கணிதம்? டார்வினியம்?"

பாருங்கள், அவருக்கே அந்தத் தத்துவம் சிரிப்பாக இருந்திருக்கிறது. ஆனாலும் உரைக்கு ஒப்புதல் கொடுத்தார். ஏன்? போருக்குப் பிறகு 1946-47-ல் மறுபடியும் பஞ்சம். அந்தச் சமயத்தில் ஸ்டாலின் கிளைவிடும் கதிர் கொண்ட ஒரு கோதுமையின் விதையைக் கொஞ்சம் கொடுத்து, இதைப் பெருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். லைசென்கோ பல மடங்கு மகசூல் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அது பயிர்ப்பெருக்கம் செய்கிறவர்களுக்குப் பழைய சரக்கு. தள்ளித் தள்ளி நட்டால் கிளைவிடும், வயலில் அடர்த்தியாக விதைத்தால் சாதாரணக் கதிராகிவிடும். ஆனால் பஞ்ச காலத்தில் 'முடியாது' என்பவனைவிட 'முடியும்' என்பவன்தான் பக்கத்தில் இருப்பான். மார்க்ஸ், லெனின் மேற்கோளெல்லாம் மேலே தெளித்த கொத்தமல்லி.

கூட்டத்தின் கடைசி நாள், ஆகஸ்டு 7. லைசென்கோ எழுந்து, என் உரையைக் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஏற்றுக்கொண்டுவிட்டது என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை மரபியலுக்காக வாதாடியவர்களில் மூன்று பேர் அன்றே மேடையேறி, தப்பு செய்துவிட்டோம் என்றார்கள். அதில் ஒருவர், சுக்கோவ்ஸ்கி, சில நாள் முன்புதான் காரசாரமாக எதிர்த்துப் பேசியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர் வவிலோவோடு பழகியவர், என்ன நடக்கும் என்று தெரிந்தவர். போரில் ஒரு கண்ணை இழந்து திரும்பிய ராப்பப்போர்ட் மட்டும் வார்த்தை மாற மாட்டேன் என்றார். கட்சியிலிருந்து நீக்கினார்கள், ஆய்வகம் போயிற்று, பல வருஷம் நிலவியல் துறையில் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார்.

அதன் பிறகு நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்களில் ஆட்களை மாற்றினார்கள். மரபியல் சோதனைக்குப் பழ ஈ வளர்த்த குப்பிகளைக் கொட்டி அழித்தார்கள். பள்ளிப் புத்தகங்களிலிருந்து, மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் போனார்.

என்னைப் பொறுத்தவரை பெரிய சேதம் இங்கேதான். 1953-ல் டி.என்.ஏ.வின் அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. உலகம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, சோவியத் நாட்டில் பத்தாண்டுக்கு மேல், மெண்டலின் பட்டாணிச் செடி 3:1 கணக்கைக்கூடக் கேள்விப்படாமல் பிள்ளைகள் பள்ளியை முடித்தார்கள். அவர்களில் சிலர் ஆசிரியர் ஆனார்கள், சிலர் டாக்டர் ஆனார்கள். 1965-66 வாக்கில் மரபியலைத் திரும்பக் கொண்டுவந்தபோது சிக்கல் என்ன தெரியுமா? ஆய்வகத்துக்கு நுண்ணோக்கி வாங்கிவிடலாம், மறைத்து வைத்த புத்தகத்தை வெளியே எடுக்கலாம். கரும்பலகை முன்னால் நிற்பவருக்கே பாடம் தெரியாது என்றால் என்ன செய்வது? அவர்களுக்கே முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இயற்பியல் எப்படித் தப்பியது என்று கேட்கலாம். 1949-ல் அதற்கும் இப்படி ஒரு கூட்டம் போட ஏற்பாடு நடந்து, கைவிடப்பட்டது. அணுகுண்டு வேண்டும், சார்பியலும் குவாண்டமும் இல்லாமல் குண்டு வெடிக்காது. கோதுமை வெடிக்கிற பொருள் இல்லை; விளையாவிட்டால் மழை மேலும் பழி போடலாம், மேஸ்திரி மேலும் போடலாம். பின்னாளில் மரபியலாளர்கள் சிலருக்கு அணு ஆராய்ச்சி நிலையமே நிழல் கொடுத்தது.

ஸ்டாலின் போன பிறகும் லைசென்கோ போகவில்லை. 1955-ல் சுமார் 300 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மத்தியக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஸ்டாலினுக்குப் பின் ஆட்சிக்கு வந்த குருஷ்சேவ் அதைப் பொருட்படுத்தவில்லை. பாலில் கொழுப்பு கூடுகிற மாடு என்று லைசென்கோ அவருக்குக் காட்டியாயிற்று. 1964 அக்டோபரில் குருஷ்சேவ் பதவி இழந்தார். அடுத்த வருஷம் ஒரு குழு லைசென்கோவின் பண்ணைக் கணக்கை எடுத்துப் பார்த்தது. பாலின் அளவு குறைந்திருந்தது, கணக்கும் சரியாக இல்லை. லைசென்கோ 1976-ல் இறந்தார்.

இனி பட்டினிக் கணக்கு. 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தது உண்மை, ஆனால் அதற்கு லைசென்கோ காரணம் இல்லை. அப்போது அவர் ஒடெஸாவில் ஒரு ஆராய்ச்சியாளர். கட்டாயக் கூட்டுப்பண்ணையும், விவசாயி வீட்டிலிருந்து தானியத்தை வழித்தெடுத்ததும்தான் காரணம். அந்தப் பழியை லைசென்கோ தலையில் கட்டினால் உண்மையில் செய்தவர்கள் தப்பிவிடுவார்கள். சீனாவில் 1958-க்குப் பிறகு நெருக்கி நடும் முறைக்கு அவர் கொள்கைகள் ஒரு தூண்டுதல், அதுவும் சரி. அங்கேயும் பஞ்சத்தின் முதல் காரணம் பொய்க் கணக்கு காட்டிக் கொள்முதல் செய்தது. அப்புறம், எபிஜெனெடிக்ஸ் வந்துவிட்டது, லைசென்கோ சொன்னதே சரி என்று இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஜீனின் மேல் ஒட்டிக்கொள்ளும் அடையாளங்களைப் படிக்கிற துறை அது. ஜீனே இல்லை என்றவருக்கு அதில் பங்கு கேட்பது வேடிக்கை.

இப்போது நம் விஷயம். கோவிட் காலத்துச் சுமையைக் குறைக்கிறோம் என்று 2022-ல் என்.சி.ஈ.ஆர்.டி. பாடங்களைக் குறைத்தது. 2023-ல் அச்சாகி வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் 'மரபு' என்று மட்டும் இருந்தது. தனிம வரிசை அட்டவணைப் பாடமும் போயிற்று. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஏப்ரலில் கண்டனக் கடிதம் எழுதினார்கள். மேல் வகுப்பில்தான் இருக்கிறதே என்றது பதில். இருக்கிறது, உயிரியல் எடுத்தவர்களுக்கு. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டு வணிகவியலுக்கும் வரலாற்றுக்கும் போகிற பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அது கடைசி வாய்ப்பு. 2018-ல் மத்திய இணை அமைச்சர் ஒருவர் டார்வின் சொன்னது தவறு, குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை என்றார். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அந்தப் பேச்சையும் இந்த நீக்கத்தையும் நான் முடிச்சுப் போட மாட்டேன்.

இதை லைசென்கோவோடு ஒப்பிட்டு 'நாளைக்கு விஞ்ஞானிகளைச் சிறையில் போடுவார்கள்' என்பது மிகை. யாரையும் பிடிக்கவில்லை, பரிணாம ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடமே இருக்கிறது. நான் ஒப்பிடுவது வேறு ஒன்றை. நீக்கிய பகுதிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தொல்லுயிர் எச்சம், மனிதப் பரிணாமம் எல்லாவற்றுக்கும் நடுவில் 'பெற்ற பண்புகளும் மரபுவழிப் பண்புகளும்' என்று ஒரு சிறு பகுதி. எலிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வாலை வெட்டிக்கொண்டே வந்தால், வாலில்லாத குட்டி பிறக்குமா என்று கேட்கும் பக்கம். ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன் 1880களில் நிஜமாகவே வெட்டிப் பார்த்த சோதனை. லைசென்கோ முப்பது வருஷம் தப்பாகப் பதில் சொன்ன கேள்வியும் இதேதான். சுமை என்று இறக்கி வைத்தது அந்தச் சிறு பகுதியையும் சேர்த்துத்தான்.

நான் வகுப்பில் எலியைச் சொல்ல மாட்டேன், காதுகுத்தைச் சொல்வேன். "உங்க அம்மாவுக்குக் காது குத்தியிருக்கு, பாட்டிக்குக் குத்தியிருக்கு, பாட்டியோட பாட்டிக்கும் குத்தியிருக்கு. நீ ஏன்மா ஓட்டையில்லாத காதோட பிறந்தே?" வகுப்பு ஒரு நிமிஷம் தன் காதைத் தானே தடவிப் பார்க்கும். ஒருமுறை பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்: "அப்போ எத்தனை தலைமுறை ஆனாலும் மாமன் மடியில உட்கார வெச்சுத்தான் குத்தணுமா சார்?"

ஆமாம்டா, அவ்வளவுதான் பாடம், உட்கார் என்றேன்.